ஒரு கரண்டிக்கு ஒரு பெயர்

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் மைசூருக்குத் திரும்பியது தொண்ணூறுகளின் நடுவே ஒரு மழைக்காலத்தில். மூளைக்காய்ச்சல் பரவியிருந்தது. அக்கா ரெபேக்கா நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் கட்டில்களுக்கு நடுவே பாய் விரித்தும் நோயாளிகள் கிடந்தார்கள்.

மதியச் சாப்பாட்டை நான்தான் கொண்டுபோவேன். அக்கா நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொண்டு ஓடிவிடுவாள். காய்ச்சல் விட்ட பலருக்கு விழுங்க வரவில்லை. மூக்கு வழியாகக் குழாய் செருகிக் கஞ்சி ஊற்றினார்கள். அவர்களை வாயால் சாப்பிடப் பழக்கும் வேலையும் அவள் தலையில்தான் விழுந்தது.

அவர்களில் ஒருவர் கெம்பையன், ராமாபுரத்துக் கொத்தனார். வெள்ளிக்கிழமைக்குள் அரைக் கிண்ணம் கூழ் புரையேறாமல் இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம், இல்லாவிட்டால் வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அக்கா அவரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் ஓடிவிடும் என்பதால் கெட்டியான ராகிக் கூழ்.

"ஸ்வல்ப தலையைக் குனிங்கண்ணா. முழுங்குங்க. ஆச்சா? இப்ப வீட்டுக்காரம்மா பேரைச் சொல்லுங்க."

"பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்லீங்க சிஸ்டர். ஏ புள்ளைன்னுதான்."

"இப்பக் கூப்பிடுங்க. குரல் கரகரன்னு வந்தா கூழு தொண்டையிலயே நிக்குதுன்னு அர்த்தம்."

"பாப்பாயி."

கட்டிலருகே நின்ற பாப்பாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வார்டு பூரா கேக்குதுங்க. மானம் போகுது."

ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு பாப்பாயி. பக்கத்துக் கட்டில்காரர்கள்கூட அந்தப் பெயருக்குக் காத்திருந்தார்கள்.

வெள்ளிக்கு முதல் நாள் பாப்பாயி களி கொண்டுவந்தாள். அவர்கள் பக்கம் களியை மெல்லுவதில்லை. உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்குவதுதான். அக்கா அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது பாப்பாயி ஓர் உருண்டையை அவருக்குக் கொடுத்துவிட்டாள். கெம்பையனின் முகம் கறுத்தது, கண்கள் பிதுங்கின. அக்கா ஓடிவந்து, அவரை முன்னால் சாய்த்து, முதுகில் ஓங்கித் தட்டி வெளியே எடுத்தாள்.

"பல்லுக்கு வேலையே இல்லீங்களே... கூழே எறங்குதேன்னு..." என்று பாப்பாயி அழுதாள்.

அக்காவுக்குத் திட்டக்கூடத் தெம்பில்லை. தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அன்று மாலையே கெம்பையனுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. இன்னும் ஒரே வாரம்தான் பொறுப்பேன் என்றார் டாக்டர்.

காய்ச்சல் தணிந்ததும் மறுபடி கால் கரண்டியிலிருந்து தொடங்கினாள். கெம்பையன் இப்போது கரண்டியைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டார். திறக்கும்வரை அக்கா கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். சில சமயம் அப்படியே கண் சொருகிவிடும்.

அடுத்த வெள்ளிக்கிழமை டாக்டர் பக்கத்தில் நின்றார். கிண்ணம் பாதியாகி, கடைசிக் கரண்டியும் உள்ளே போனது.

"பா..." குரல் கரகரத்தது.

"இன்னொருக்கா முழுங்குங்கண்ணா. அவசரமில்ல."

கெம்பையன் கண்ணை மூடி விழுங்கினார். தொண்டை மேலேறி இறங்கியது.

"பாப்பாயி!"

"இங்கதானுங்க நிக்கறேன், எதுக்குக் கத்தறீங்க?" என்றாள் அவள். இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

குழாயை எடுத்தார்கள். மறுநாள் அவர்கள் ராமாபுரம் பஸ் ஏறினார்கள். அக்கா கிண்ணத்தைக் கழுவி வருவதற்குள் அந்தக் கட்டிலில் மூக்கில் குழாயோடு வேறொருவர் படுத்திருந்தார். அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, உங்க வீட்டுக்காரம்மா பேரு என்ன?"