ஆல்பத்தில் பதினாலு வயது

இந்த ஊர் டாக்டர்கள் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு பெற்றவளை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் இந்த லெஸ்டருக்கு வந்து ஒன்பது வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. பதினைந்தரை வயதாகியும் என் மகள் யாழினி வயதுக்கு வரவில்லை, அதற்காகத்தான் போயிருந்தோம். மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி என்ன கேட்கிறார், எனக்குத் தெரியக்கூடாதது? நடுவில் யாழினி சிறுநீர் பிடிக்கும் டப்பாவுடன் வந்தாள். "பிரெக்னென்சி டெஸ்ட்டும்மா. எல்லாருக்கும் எடுப்பாங்களாம்." எல்லாருக்குமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடவே, ஒருவேளை இருக்குமோ என்றும் ஒரு நொடி நினைத்தேன். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு, "நீங்கள் எந்த வயதில்?" என்று டாக்டர் கேட்டார். யாழினி முந்திக்கொண்டாள். "ஃபோர்ட்டீன். ஆல்பமே இருக்கு."

ஆல்பம் இருப்பது உண்மைதான். கடலூர் செம்மண்டலத்தில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர், ஊருக்கே சாப்பாடு. ஆனால் அன்று நான் வயதுக்கு வந்திருக்கவில்லை. "இன்னுமா ஆகல? எதுனா கோளாறா?" என்று அத்தைமார் துளைத்தெடுத்ததில், அம்மாவே நாள் குறித்து ஊர் வாயை மூடினாள். அப்புறம் கடலூரில் எந்த டாக்டரிடம் போவது? எந்த டாக்டர் அந்த விருந்தைச் சாப்பிட்டவரோ. பதினாறு வயதில், கோயிலுக்கு என்று பொய் சொல்லிச் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினோம். அங்கே டாக்டர் எல்லாவற்றையும் அம்மாவிடமே கேட்டார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதினேழில் தானாக வந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

"செவன்டீன்" என்றேன். டாக்டர் கம்ப்யூட்டரில் திருத்தினார். தாய்க்குத் தாமதமென்றால் மகளுக்கும் இருக்கலாம், ஆனாலும் ரத்தமும் ஸ்கேனும் பார்த்துவிடுவோம் என்றார். யாழினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

பஸ்ஸில் அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் சீட்டுக்குப் போனாள். பின்னாலிருந்தே அந்தப் பொய்ச் சடங்கின் கதையை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடலூரிலிருந்து அண்ணி போன்.

"இன்னா, புள்ள பெரியவளாயிட்டாளா? ஆகலன்னாலும் பரவால்ல, லீவுக்கு வரச்ச மஞ்சத்தண்ணி ஊத்திடலாம். அவுங்க இவுங்க கேக்குறாங்க."

யாழினி திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம் அண்ணி. இன்னும் ஆகல, டாக்டர்கிட்ட காட்டுறோம். கேக்குறவுங்ககிட்ட அப்படியே சொல்லிடுங்க."

அண்ணி போனை வைத்துவிட்டாள்.

"அப்போ பாட்டி வீட்டுச் சுவத்துல இருக்குற அந்தப் போட்டோவ எடுத்துடச் சொல்லும்மா" என்றாள் யாழினி. அதைத்தான் என் அம்மா, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இன்னமும் காட்டுகிறாள். இங்கே கம்ப்யூட்டரில் எனக்குப் பதினேழு. அங்கே சுவரில், பட்டுப்புடவையில், நான் இன்னும் பதினாலில்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.