காட்டிக்கொடுத்தவன் வேஷம்

பஞ்சர் கடைக்குச் சற்று முன்னால்தான் எப்போதும் ரோட்டில் ஆணி கிடக்கிறது. இது எப்படி என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டால், இந்த வயதில் இவருக்கு இப்படியொரு புத்தியா என்பார்கள். போன வாரம் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில் என் ஸ்கூட்டர் அப்படி ஓர் ஆணியில் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால் கூப்பிடு தூரத்தில் கடை. கடைக்காரர் சிரித்த முகமாக, "வாங்க அண்ணாச்சி, வாங்க" என்றார். அந்தச் சிரிப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போதெல்லாம் டியூப் இல்லாத டயர். திரி மாதிரி ஒன்றைக் குத்தி அடைத்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஆனால் எனக்கு முன்னால் வந்திருந்த ஒரு டிராக்டர் டியூப் பழைய முறையில் சூட்டில் வெந்துகொண்டிருந்தது. அந்த ரப்பர் வாசம் மூக்கில் ஏறியதும் என் மனசு நேராக இருத்தலியல் தத்துவத்துக்குப் போய்விட்டது. சிரிக்காதீர்கள். மற்றவர்களுக்கு மல்லிகை வாசத்தில் கல்யாண ஞாபகம் வரும். எனக்கு ரப்பர் வெந்தால் மனிதனின் சுதந்திரம், தனிமை, புரட்சி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு டைப்பிங் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது. ஊரில் ஒரு டயர் கடை இருந்தது. அதன் மாடியில் தகரம் போட்ட ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே நாடகம் போட நாங்கள் நாலு பேர் கூடுவோம். கீழே ரப்பர் வேகும். மேலே நாங்கள் வேவோம். எங்களைக் கூட்டியவர் தேவசகாயம் சார். டுட்டோரியலில் இங்கிலீஷ் எடுப்பவர். ஒல்லியான ஆள், பேச ஆரம்பித்தால் மட்டும் அறை போதாது. "உனக்கு வசனம் எழுதி வச்சவன் மேல ஒருத்தனும் இல்ல. நீ என்ன செய்றியோ அதுதான் நீ" என்பார். அதே மூச்சில், இந்த உலகத்தைக் கவிழ்த்துப் போட்டு மறுபடி அடுக்க வேண்டும் என்பார். மில்லுச் சுவரெல்லாம் சிவப்பு எழுத்து காய்ந்தும் காயாமலும் இருந்த காலம். இரண்டையும் நான் நம்பினேன். இரண்டும் எனக்குப் புரியவில்லை என்பது வேறு விஷயம்.

காசிம் பாய்க்குத்தான் சந்தேகம் வந்தது. ராஜபாளையத்தில் குடைக்கடை வைத்திருந்தார். எங்களில் உண்மையான நடிகர் அவர் ஒருவர்தான்.

"சார், ஒவ்வொருத்தனும் தனித்தனின்னு முதல்ல சொல்றிய. எல்லாரும் ஒண்ணு சேரணும்னு பொறவு சொல்றிய. நான் எதுக்குத்தான் குடை பிடிக்க?"

"முடிவெடுக்கிறது தனியா பாய். செய்றது சேர்ந்து" என்றார் சார். எவ்வளவு அழகான பதில். அதை நாங்கள் எப்படிச் செய்து காட்டினோம் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நாலாவது ஆள் செல்வராணி. தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் யூனிட்டில் வேலை. டைப்ரைட்டிங் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். பஸ்ஸில் வரும்போதே வசனத்தை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்கள்.

நாடகத்தை சாரே எழுதியிருந்தார். பஞ்சு கோடவுனுக்குள் புரட்சிக்காரர்கள் ஒளிந்திருக்கிறார்கள். வெளியே போலீஸ். யாரோ காட்டிக்கொடுத்துவிட்டார்கள். உள்ளே இருக்கிற இளைஞன் ஒருவன்மேல் சந்தேகம் விழுகிறது. அவன் எவ்வளவு கதறியும் கேட்காமல் அவனைக் கொன்றுவிடுகிறார்கள். கடைசியில் அவன் குற்றமற்றவன் என்று தெரிகிறது. அப்போது தலைவன், "இந்தத் தவறையும் நானே சுமக்கிறேன். இதுதான் என் சுதந்திரத்தின் எடை" என்று சொல்லத் திரை விழும். தலைவனாக சார். கொல்கிறவராக காசிம் பாய். தலைவனின் தங்கையாக செல்வராணி. சந்தேகத்துக்குரிய இளைஞன் நான். ஏன் எனக்கு அந்த வேஷம் என்று கேட்டேன். "உன் மூஞ்சி அதுக்குத் தோதா இருக்கு" என்றார் சார். பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஒத்திகையில் எனக்கு இருந்த ஒரே பெரிய வசனம், "நான் காட்டிக்கொடுக்கல! நான் காட்டிக்கொடுக்கல!" என்பது. "இன்னும் சத்தமா" என்பார் சார். தகரம் அதிரக் கத்துவேன்.

வெயில் கொளுத்துகிற மாதத்தில் காசிம் பாய் கடைக்கு ஓர் ஆள் வந்தான். போலீஸ்காரன் மாதிரி முடி ஒட்ட வெட்டியிருந்தான். ஒவ்வொரு குடையாக விரித்துப் பார்த்தான், மடக்கி வைத்தான். எதையும் வாங்கவில்லை. "ஞாயித்துக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ல என்ன சோலி பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த வாரமே தளவாய்புரத்தில் யூனிட் முதலாளியிடம் செல்வராணியைப் பற்றி ஒருவன் விசாரித்திருக்கிறான். விஷயம் அவள் வீட்டுக்குப் போனது. டைப்ரைட்டிங் பொய் கிழிந்தது. அவள் அம்மா செருப்பை ஒளித்துவைத்துவிட, அடுத்த ஞாயிறு அவள் வெறுங்காலோடு மாடிப்படி ஏறி வந்தாள். சார் வேலை பார்த்த டுட்டோரியலுக்கும் ஆள் வந்து போயிருந்தான்.

என்னைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை.

அதை முதலில் கவனித்தது நான்தான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மற்றவர்களும் அதைக் கவனிக்கிறார்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை. பேச்சு குறைந்தது. நான் படியேறும்போது மேலே கேட்கிற குரல், நான் உள்ளே போனதும் நின்றுவிடும். சார் என்னிடம் ஒன்று கேட்டால், அதே கேள்வியைச் செத்த நேரம் கழித்து வேறுவிதமாகக் கேட்பார். வக்கீல்கள் சாட்சியை மடக்குகிற வித்தை அது. கோர்ட்டு வாசலில் வேலை பார்ப்பவனுக்குத் தெரியாதா?

ஒரு ஞாயிறு, ஒத்திகையை அய்யனார் கோவிலில் வைத்துக்கொள்ளலாம் என்றார் சார். ஊர்க்காது கேட்காத இடம் வேண்டுமாம். ராஜபாளையத்திலிருந்து மேற்கே மலையடிவாரம். ஆற்றில் தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. நான் எல்லாருக்குமாகப் புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். பாறையில் உட்கார்ந்ததும் சார் நாடகப் பிரதியை எடுக்கவில்லை.

"நீ போலீஸ்காரங்களோட டீ குடிக்கிறியாமே?"

"ஆமா சார். மனு அடிக்க வாரவங்க. அவங்க வாங்கித் தாராங்க, நான் குடிக்கேன்."

"என்ன பேசுவிய?"

"ஸ்பெல்லிங் பேசுவோம் சார்."

காசிம் பாய் சிரிக்கப் பார்த்துவிட்டுச் சாரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். சார், "நம்மள்ல ஒருத்தர்தான் சொல்லியிருக்கணும். நீ இல்லன்னா அதை நிரூபி" என்றார்.

"செஞ்சதைன்னா காட்டலாம் சார். செய்யாததை எங்கேருந்து எடுத்துக் காட்ட?"

என் வாழ்க்கையில் நான் பேசிய ஒரே தத்துவம் அதுதான். யாரும் அதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ளவில்லை. செல்வராணிதான் எழுந்தாள். "இந்த அண்ணன் கொடுத்த வசனத்தையே பாதி முழுங்கிருவாரு. இவரு போயி எதைச் சொல்லியிருக்கப் போறாரு?" என்றாள். கை தூக்கச் சொன்னார் சார். அவர் கை முதலில் ஏறியது. காசிம் பாய் ஆற்றைப் பார்த்துக்கொண்டே மெல்லத் தூக்கினார். செல்வராணி இரண்டு கையையும் முந்தானைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். நான் நீக்கப்பட்டேன்.

ஆனால் திரும்பிப் போக மினிபஸ் சாயங்காலம்தான். நீக்கப்பட்ட துரோகியும் நீக்கியவர்களும் அதே பாறையில் காத்துக்கிடந்தோம். பசித்தது. துரோகியின் புளியோதரையை காசிம் பாய் தலை குனிந்தபடி வாங்கிச் சாப்பிட்டார். சார் தொடவில்லை. கொள்கை. அவர் வயிறு சத்தம் போட்டது எல்லாருக்கும் கேட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். நான் இல்லையென்றால் வேறு யார்? கை தூக்கிய காசிம் பாயா? முந்திக்கொண்டு விசாரணை வைத்த சாரா? எனக்குப் பரிந்து பேசிய செல்வராணியின் மேல்கூட, அவள் ஏன் பரிந்து பேசினாள் என்று சந்தேகம் வந்தது. கடைசியில் என்மேலேயே வந்துவிட்டது. டீ குடிக்கும்போது வாய் தவறி ஏதாவது சொல்லிவிட்டேனோ? டைப் அடித்துக்கொண்டே, பேசிய பேச்சையெல்லாம் கிளறிப் பார்ப்பேன். கிளறக் கிளற நான் குற்றவாளி மாதிரியே எனக்குத் தெரிந்தேன். சந்தேகம் வெளியே இருந்தால் சண்டை போடலாம். உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டால் அதற்குச் சோறும் போட வேண்டியிருக்கிறது.

அப்படி இருக்கையில் ஒருநாள் வயதான ஆள் ஒருவர் வரப்புத் தகராறுக்கு மனு அடிக்க வந்தார். ரிட்டயர்டு ஏட்டு. அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை காதில் விழாமல், "என்ன சொன்னிய?" என்று சற்று உரக்கக் கேட்டேன். மனுஷன் அப்படியே நின்றார்.

"ஏலே, இந்தக் கொரலை நான் கேட்டிருக்கேனே. 'நான் காட்டிக்கொடுக்கல, நான் காட்டிக்கொடுக்கல'ன்னு டயர் கடை மாடியில கெடந்து கத்துறது நீதானா?"

என் விரல் மெஷினிலேயே நின்றுவிட்டது.

"எங்க வீடு அடுத்தாப்புல. ஞாயித்துக்கிழமை ஒரு மனுசன் மத்தியானம் கண்ணசர முடியுதா? கொல்லணுங்கிறீய, போலீஸை எரிக்கணுங்கிறீய. எம்புட்டு நாள்தான் பொறுப்பேன்? ஸ்டேஷன்ல போயி, என்னன்னு பாருங்கப்பான்னு சொன்னேன். டயர் கடைக்காரன்கிட்ட விசாரிச்சிருக்கானுவ. அவன், எங்க கடை மேலதான் டிராமா நடக்குதுன்னு பெருமையா அம்புட்டுப் பேரு விவரமும் சொல்லிட்டான். உன்னைப் பத்திக் கேட்டா, அந்தப் பய நமக்கு மனு அடிக்கவன்தானேன்னு விட்டுட்டானுவளாம்."

காட்டிக்கொடுத்தது என் தொண்டைதான். அதுவும் காட்டிக்கொடுக்கவில்லை என்று கத்திக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு ஏட்டையாவைக் கெஞ்சிக் கூத்தாடி அந்த மாடிக்குக் கூட்டிப் போனேன். முழங்கால் வலியோடு படி ஏறி வந்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார் பாவம். "நாந்தான்யா சொன்னேன். இந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியாது." காசிம் பாய் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகை மாதிரி ஆனது. எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சார் மட்டும் அசையவில்லை. ஏட்டையாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்போ போலீஸ்காரனையே சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

கீழே கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. செல்வராணிதான், "சார், நாடகத்தை விட்டுக் கொஞ்சம் வெளிய வாங்க. குற்றமில்லாதவனைக் கொன்னுட்டோம்னு நீங்கதானே எழுதுனிய?" என்றாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் படியிறங்கிப் போனாள். பின்னால் காசிம் பாய். பின்னால் ஏட்டையாவும் நானும். அந்த நாடகம் மேடை ஏறவே இல்லை. சார் அந்த வருஷமே மதுரைப் பக்கம் போய்விட்டார்.

வெகுகாலம் கழித்து ராஜபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். என் தலையும் நரைத்திருந்தது. அவரை நாற்காலியோடு தூக்கி வந்து பந்தியில் உட்கார வைத்திருந்தார்கள். என் கையைப் பிடித்து அருகில் உட்காரவைத்துக்கொண்டார். பழைய கதையெல்லாம் பேசினார், பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பாயசம் வரும்போது என் காதருகே குனிந்தார்.

"இப்பவாவது சொல்லு. நீதானே?"

நான் அவரைப் பார்த்தேன். கண்ணில் கோபம் இல்லை. ஒரு பயம்தான் இருந்தது. நான் இல்லையென்றால், ஒன்றுமில்லாததற்காக எல்லாவற்றையும் உடைத்தவர் அவர் என்று ஆகும். அந்த எடையை நாடகத்தில் தூக்கிக் காட்டுவது சுலபம்.

"ஆமா சார்" என்றேன்.

பெரிய மூச்சு ஒன்று விட்டார். என் முதுகில் தட்டிக்கொடுத்து, "விடு. வயசு அப்படி. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றார். பாயசத்தை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

காசிம் பாயிடம் போய்ச் சொன்னேன். குடைக்கம்பி ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். "கிறுக்குப் பயலே! நான் கை தூக்குனது தப்புன்னு இத்தனை வருசமா நெஞ்சுல போட்டு அரைச்சுக்கிட்டிருக்கேன். இப்போ அது சரின்னு ஆக்கிட்டு வந்து நிக்கியே" என்றார். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இப்போது சார் இல்லை. காசிம் பாயும் போய்விட்டார், கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். ஏட்டையா எப்போதோ போய்ச் சேர்ந்தார். செல்வராணி கல்யாணமாகித் திருப்பூர் போனாள். அவள் நம்பர் என்று யாரோ கொடுத்ததைப் போட்டால், உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல் சொல்கிறது. டயர் கடை இருந்த தெரு முழுக்க இப்போது ஜன்னலை மூடி ஏசி போட்டிருக்கிறார்கள். யார் என்ன கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. யாருக்கும் யார் குரலும் தெரியாது.

நான் அதைச் செய்யவில்லை என்று தெரிந்த ஆட்களில் ஊரில் மிஞ்சியிருப்பது நான் ஒருத்தன்தான். என் சாட்சியையும் செல்லாததாக்கி வைத்திருக்கிறேன். ஆமாம் என்று ஒத்துக்கொண்டவனை எந்தக் கோர்ட்டு நம்பும், நீங்களே சொல்லுங்கள்.