மையடிக்கும் நாள்

சிவப்பு மை பிடரியில் விழுந்து முதுகுத்தண்டு வழியே இறங்கும்போது முதலில் சில்லென்றிருக்கும். பங்குனி வெயிலில் நாலு எட்டு வைப்பதற்குள் சட்டையை முதுகோடு ஒட்டவைத்துப் பிசுபிசுவென்று ஊரத் தொடங்கிவிடும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். இன்றைக்குப் பாபநாசம் வட்டாரத்தில் நெல்லறுக்கும் மெஷின் வேண்டுமென்றால் என் வாசலுக்குத்தான் வரவேண்டும், பேங்க் மேனேஜர் எனக்கு எழுந்து நாற்காலி போடுகிறார், வெள்ளத்தில் லாரியோடு ஒருநாள் முழுக்கச் சிக்கிக்கொண்டபோதுகூட டிரைவருக்குத் தைரியம் சொன்னவன் நான்தான். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன், சொந்தக் கையால் சம்பாதித்தவன் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பிசுபிசுப்பை நினைத்தால் மட்டும் இந்த வயதிலும் என் தோள் இரண்டும் தானாகக் குறுகிவிடுகின்றன.

இப்போது பள்ளிக்கூடங்களில் வருஷக் கடைசியில் வழவழ காகிதத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள், பிள்ளைகள் ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதெல்லாம் ஏது? பதினோராம் வகுப்புக்காரர்கள் மட்டும் காசு போட்டு ஒரு குரூப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். மற்ற எல்லாருக்கும் சட்டைதான். முழுப் பரீட்சையின் கடைசி நாள், கடைசி மணி அடித்ததும், பேனாவில் மிச்சமிருக்கிற மையையெல்லாம் ஒருத்தன் மேல் ஒருத்தன் உதறித் தீர்க்கவேண்டும். அதற்கு ‘மையடிக்கிறது’ என்று பெயர். எவன் சட்டையில் புள்ளி அதிகமோ அவனுக்குச் சேக்காளி அதிகம் என்று கணக்கு. வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே வீட்டுக்குப் போகிறவன் யாருக்கும் வேண்டாதவன்.

நான் வருஷா வருஷம் வெள்ளைச் சட்டையோடுதான் போனேன். நான் தெற்குத் தெரு, அப்பா கோவிந்தன் பண்ணையாள். என் பக்கம் பேனாவைத் திருப்பி உதறக்கூட ஒருத்தனுக்கும் கை வராது. ஒரு வருஷம் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து என் பேனா மையை நானே என் மேல் அடித்துக்கொண்டு போனேன். அம்மா, “யாருடா அடிச்சது?” என்று கேட்டதற்கு நாலைந்து பெயர் சொன்னேன்.

ஒன்பதாம் வகுப்பில்தான் சிங்காரம் சேக்காளியானான். பண்ணையின் கணக்கையும் சாவியையும் வைத்திருந்த கார்வாரியின் மகன் அவன். சடுகுடு ஆடும்போது என் பிடி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்துக்குள் தோளில் கை போட்டுக்கொண்டு திரிவோம். வாசலைத் தாண்டினால் அவன் சைக்கிளில் மெயின்ரோட்டில் போவான், நான் காய்ந்த வாய்க்காலுக்குள் இறங்கி நடப்பேன்.

வாய்க்காலுக்குள் நடக்கச் சொன்னது அம்மா. அந்த வருஷம் அப்படி. ஆட்சி மாறி, ஊர்ச் சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு தீட்டியிருந்தார்கள். எங்கள் தெருமுனையில் மட்டும் செங்கொடி பறந்தது. கூலித் தகராறு முற்றி, சம்பா அறுத்த வயலில் உளுந்து பிடுங்க எங்கள் ஆட்கள் இறங்கமாட்டோம் என்று நின்றார்கள். பண்ணையில் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மெயின்ரோட்டில் போலீஸ் வண்டி. கிழக்கே ஓர் ஊரில் கூலி கேட்டவர்களைக் குடிசையோடு கொளுத்தியதைப் பெரியவர்கள் பிள்ளைகள் முன்னால் பேசமாட்டார்கள், நாங்கள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அதனாலேயே எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அம்மாவின் தம்பி சன்னாசி மாமா அருவாளைத் தலைமாட்டில் வைத்துத்தான் படுப்பார். “ரோட்டுல தனியா ஆம்புட்டா தூக்கிட்டுப் போயிருவானுவ. வாக்காலுக்குள்ளயே வா, தல தெரியப்படாது” என்பது அம்மாவின் தினப்படி உத்தரவு.

கடைசிப் பரீட்சை முடிந்த பிற்பகல், பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் நான் வழக்கம்போல் ஒதுங்கி நின்றேன். சிங்காரம் ஓடிவந்தான். அவன் கையில் பேனா இல்லை, தன் அப்பாவின் கணக்குப் பெட்டியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த சிவப்பு மைக்கூடு இருந்தது.

“முருகையா, ஒனக்குன்னே கொண்டாந்தேன்டா! ஒரு சொட்டு மிச்சம் வெக்க மாட்டேன்!”

உச்சந்தலையில் கவிழ்த்தான். உள்ளங்கையில் ஏந்தி நெஞ்சில் தேய்த்தான், கழுத்தில் பூசினான். சுற்றி நின்ற பையன்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு அந்த மைதானத்திலேயே மை அதிகமாகப் பட்டவன் நான்தான். பிற்பாடு எத்தனையோ மேடையில் எத்தனையோ பேர் மாலை போட்டிருக்கிறார்கள், அந்தக் குளிர்ச்சி ஒன்றிலும் வரவில்லை.

அந்தக் கர்வத்தோடு வாய்க்காலுக்குள் நடந்துபோனேன். பண்ணை வயலை ஒட்டிய வளைவில் வெளியூர் ஆட்கள் கரை நிழலில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தூக்குவாளி கையிலிருந்து விழுந்தது. “அய்யோ, புள்ளய வெட்டிட்டானுவ! நம்ம மேலதான்டா பழி வரும், ஓடுங்கடா!” என்று கத்திக்கொண்டு அத்தனை பேரும் கரையேறி ஓடினார்கள். பெரிய ஆம்பிளைகள் தலைதெறிக்க ஓடுவதைக் கண்டதும் எனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று நானும் எதிர்க்கரைப் பக்கம் ஓடினேன், வேரில் தடுக்கிக் குப்புற விழுந்தேன். முட்டி பெயர்ந்து, கொஞ்ச நேரம் எழுந்திருக்க முடியவில்லை. வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த எங்கள் தெருக்காரி ஒருத்தி பார்த்தது இதைத்தான்: பண்ணை ஆட்கள் ஓடுகிறார்கள், கோவிந்தன் மகன் தலையிலிருந்து கால்வரை சிவப்பாக விழுந்து கிடக்கிறான். புல்லுக்கட்டை எறிந்துவிட்டுத் தெருவைப் பார்த்துக் கூப்பாடு போட்டாள்.

நான் நொண்டிக்கொண்டு தெருவுக்குள் ஏறியபோது ஆம்பிளைகள் ஒருத்தரும் இல்லை. ரோட்டு வழியாகப் போய்விட்டிருந்தார்கள். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு எதிரே வந்தவள் என்னைக் கண்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என் மேல் பாய்ந்து கழுத்தையும் மண்டையையும் தடவினாள்.

“எங்கடா வெட்டு? எஞ்சாமி, எங்கடா வெட்டு?”

“மைம்மா. சிங்காரம் அடிச்ச மைம்மா.”

விரலை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகத்தில் வந்த நிம்மதி கண்ணிமைக்கும் நேரம்கூட நிற்கவில்லை. “அடப்பாவி, ஒங்கப்பனும் மாமனும் அருவாளத் தூக்கிட்டுப் பண்ணைக்குப் போயிருக்காங்கடா!” என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எனக்கு முட்டி வலி மறந்துபோயிற்று. மாமா ஒரு வெட்டு வெட்டினால் போதும், போலீஸ் வண்டி வந்துவிடும், அதற்கப்புறம் எங்கள் தெருவில் கூரை எதுவும் மிஞ்சாது என்று என் வயதுக்கே தெரிந்தது.

பண்ணைக் களத்தில் நான் கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. களத்தை ஒட்டிய தன் வீட்டு வாசலில் கார்வாரி மண்டியிட்டிருந்தார். எங்கள் ஆட்கள் வளைத்து நின்றார்கள். வைக்கோல்போரோடு சேர்த்துச் சிங்காரத்தின் தலைமயிரைப் பிடித்து அழுத்தியிருந்தார் மாமா. தன் அப்பாவின் மைக்கூட்டைத் திருடியதற்கு அடி விழுமே என்று பயந்து, போருக்குப் பின்னால் ஒளிந்து, வைக்கோலில் கையைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறான் அவன். இரண்டு கையும் முழங்கைவரை சிவப்பு.

“ரத்தத்தத் தொடச்சிக்கிட்டு நிக்கிறாம் பாருங்கடா! சொல்லுடா, எங்க புள்ளய ஏன்டா வெட்டுனீங்க?” என்று மாமா உறுமினார்.

மை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிங்காரத்தின் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. மாமாவின் வலதுகை மேலே போயிருந்தது.

“மாமா, மை! மாமா!” என்று நான் அலறினேன். திரும்பிப் பார்த்தவர்கள் கண்ணில் பட்டது என் சிவப்புதான். “புள்ள உசிரோட வந்திருக்கு, வலில பெனாத்துது. விடாதடா அவன!” என்று யாரோ கத்தினார்கள். என்னைக் காட்டியதே வினையாகப் போயிற்று.

அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. என்னை மாட்டுத் தண்ணித்தொட்டிக்குள் தலைகீழாக அமுக்கினாள். மூச்சு முட்ட முட்ட அலசித் தூக்கி, சட்டையைக் கிழித்தெறிந்து, வெறும் உடம்போடு அப்பா முன்னால் நிறுத்தித் திருப்பித் திருப்பிக் காட்டினாள். “பாருய்யா. ஒரு வெட்டு இருக்கா பாரு. பள்ளிக்கொடத்துப் புள்ளைவொ வெளையாட்டுய்யா.”

அப்பா என் கழுத்தை ஒரு விரலால் தொட்டார். அப்புறம் மாமாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். இறக்குவதற்கு நேரமாயிற்று, அந்தக் கை இறங்க மறந்துபோயிருந்தது. கார்வாரி எழுந்துவந்து மகனை ஓங்கி ஓர் அறை விட்டார். அப்போதும் அவனுக்கு அழுகை வரவில்லை.

திரும்பும்போது அப்பா சொன்னது ஒன்றே ஒன்று. “போதும்ப்பா படிச்சது. ஒன் வெளையாட்டு ஒருத்தன் கழுத்து வரைக்கும் வருது.” அடுத்த மாசமே கும்பகோணத்தில் ஒரு லாரி செட்டில் கிளீனராகச் சேர்ந்தேன். என் சொத்துக்கு முதல் அங்கேதான். பார்ப்பவரெல்லாம் படிக்காமலே எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டீர்கள் என்கிறார்கள். நானும் ஆமாம் என்று மீசையைத் தடவிக்கொள்கிறேன். சிங்காரத்தை அந்த மாசமே திருச்சிக்கு அவன் சித்தப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் மகள் கல்யாணத்துக்கு விலாசம் தேடிப்பிடித்து அவனுக்குப் பத்திரிகை அனுப்பினேன். வந்தான். வழுக்கை விழுந்து, கண்ணாடி போட்டு, கவர்மென்ட்டு உத்தியோகம் பார்த்த களை. பந்தியில் உட்கார்ந்தவனை யாரென்று தெரியாமலே சன்னாசி மாமா பின்னாலிருந்து தோளைத் தொட்டு, “நல்லா சாப்புடுங்க தம்பி” என்றார். சிங்காரம் விறைத்துப்போனான். கையிலெடுத்த சோறு இலையில் உதிர்ந்தது. திரும்பிப் பார்க்காமலே தலையை ஆட்டினான். மாமா அடுத்த இலைக்கு நகர்ந்துவிட்டார். எதிர் வரிசையில் நின்ற நான் சாம்பார் வாளிக்காரனைச் சத்தம்போட்டுக் கூப்பிட்டேன். எனக்கு அப்போது வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

மாமா போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. களம் இருந்த இடத்தில் மனைக்கட்டு போட்டு விற்றுவிட்டார்கள், அதில் ஒன்று என் பெயரில் இருக்கிறது. தெற்குத் தெருப் பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போகிறார்கள், கடைசி நாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒருவர் சட்டையில் ஒருவர் பெயரெழுதிக்கொண்டு, எல்லாரும் பார்க்கும்படி மெயின்ரோட்டிலேயே சிரித்துக்கொண்டு நடந்து வருகிறார்கள். போன வருஷம் என் பேத்தி அப்படி வந்து நின்றாள். முதுகு பூராவும் பெயர். “தாத்தா, நீங்களும் ஒண்ணு எழுதுங்க” என்று சிவப்புப் பேனாவை நீட்டினாள். நீலம் இருந்தால் கொடு என்று கேட்டு வாங்கித்தான் எழுதினேன்.