மூன்றாவது கியரில் ஒரு பாட்டு

புது கிளட்ச் பிளேட்டைக் கையில் கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்க்கிறார். பிறகு கட்டைவிரலால் ஓரத்தைத் தடவி, கண்ணை மூடிக்கொண்டு அதன் எண்ணைச் சொல்கிறார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் அதே எண்தான் இருக்கும். உதிரிபாகக் கடையின் கவுன்ட்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருடமாக நிற்கும் மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. 'பார்ட் நம்பர்' என்று கேட்டால் கை நீட்டிக் காட்டுவார்கள்.

இரண்டு காதிலும் பேனா செருகியிருப்பார். எழுத மூன்றாவதாக ஒன்றைத் தேடுவார். கடைக்குப் பஸ்ஸில்தான் வருகிறார். டிரைவருக்கு நேர் பின் இருக்கை கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். கார்களைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர் ஒரு ஓட்டை வண்டிகூட வாங்கவில்லையே என்று கேட்டால், "பஸ்ஸவிடப் பெரிய வண்டி எதுங்க?" என்று சிரிப்பார். கஞ்சன் என்று நாங்கள் முடிவு கட்டியிருந்தோம்.

நாங்கள் என்றால் ஞாயிறு காலைகளில் என் டயர் கடையில் கூடும் பழைய கார்ப் பைத்தியங்கள். அந்தச் சபைக்கு நீதிபதி பார்ட் நம்பர். எதிர்க்கட்சி பல் டாக்டர். கடந்த ஒரு வருடமாக வழக்கு ஒன்றே ஒன்றுதான்: அச்சகக்கார அம்மாவின் ஷெட்டில் நிற்கும் பாசிப்பச்சை நிற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்.

உலகத்திலேயே நாற்பத்தொன்றுதான் செய்தார்கள். அதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த அம்மாவின் தம்பி ஆசை ஆசையாக வாங்கி, மூன்றே வாரம் ஓட்டிவிட்டு உறை போட்டு மூடினார். அப்புறம் தொடவே இல்லை. போன வருடம் அவர் இறந்ததும் வண்டி அக்காவிடம் வந்தது. பழைய கார் சேகரிக்கும் ஒருவர், தன் கண்ணாடி மண்டபத்தில் காட்சிக்கு வைப்பதற்காக விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கொடுத்துடுங்கம்மா. அந்த பெயின்ட்டு, அந்த சீட்டுத் தோலு எல்லாம் ஃபேக்டரியில இருந்து வந்தபடியே இருக்கு. அதுதான் மதிப்பு. பல்லு மேல இருக்கிற எனாமல் மாதிரி, ஒருதடவ தேஞ்சா திரும்ப வளராது" என்பார் டாக்டர்.

"அப்போ பல்ல வெச்சுகிட்டு மெல்லக் கூடாதுங்கிறீங்க" என்பார் பார்ட் நம்பர். "ஓட்டாத வண்டி ஷோகேஸ்ல வெச்ச செருப்பு டாக்டர். இந்த வண்டிய மூணாவது கியர்ல போட்டு மிதிச்சுப் பாருங்க. ஒரு பாட்டு பாடும். முதுகுத்தண்டு வழியா ஏறும் அது. வளைவுல பின்பக்கம் லேசா நழுவும். பயந்துடக் கூடாது. ஸ்டியரிங்க விரல்நுனியால பிடிச்சாப் போதும், தானா வரும்."

சொல்லும்போது அவருடைய இடது கால் தரையில் கிளட்ச்சை மிதிக்கும். நாங்கள் டீயை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்போம். ஒருமுறை டாக்டரே, மலைப்பாதையில் தன் காரை எப்படி இறக்குவது என்று இவரிடம் தனியாக யோசனை கேட்டுப் போனார்.

போன ஞாயிறு அச்சகக்கார அம்மா வண்டியோடு வந்து இறங்கினார். மெக்கானிக்கை வைத்து பிரேக், கார்புரேட்டர் எல்லாம் சரிபார்த்திருந்தார். மக்கிப்போன பழைய டயர்களைக் கழற்றிப் புதிது மாட்டினேன். அவர் சாவியை எடுத்து நேராகப் பார்ட் நம்பரின் உள்ளங்கையில் வைத்தார்.

"நான் வீட்டுலேருந்து மாட்டுவண்டி மாதிரி மெதுவாத்தான் உருட்டிக்கிட்டு வந்தேன். நீங்க ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க. வெச்சுக்கச் சொன்னா வெச்சுக்கிறேன், குடுக்கச் சொன்னா குடுத்துடறேன்."

பார்ட் நம்பர் சாவியை அந்தம்மா கையிலேயே திருப்பி வைத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா."

ஏதோ வேடிக்கை என்று நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"எந்த வண்டியும் ஓட்டினதில்ல. லைசென்ஸ் எடுக்கறதா இருந்த வாரம் மொத தடவ வலிப்பு வந்துது. அப்போ எனக்குப் பத்தொம்பது வயசு. மாத்திரை சாப்பிடறேன். இருந்தாலும் நாலு மாசத்துக்கு முன்னாடி கடையிலயே விழுந்துட்டேன். மொதலாளி வெளிய சொல்லல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கடை பெஞ்சில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கும் மனிதர்! அவர் பஸ்ஸில் வருவதை வைத்து நான் எத்தனை பேரிடம் கேலி பேசியிருக்கிறேன்!

டாக்டருக்கு அதிர்ச்சி கோபமாக மாறியது. "அப்போ மூணாவது கியரு? பாட்டு? விரல்நுனி? பதினோரு வருஷமா எங்க காதுல பூ சுத்தியிருக்கீங்க!"

"புத்தகத்துல படிச்சேன். கடைக்கு வர்றவங்ககிட்ட கேட்டேன். மிச்சத்த..." நெற்றிப்பொட்டை விரலால் தட்டினார். "இதுக்குள்ள ஓட்டிக்கிட்டேன்."

டாக்டர் மேலே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அச்சகக்கார அம்மா அவரைக் கையமர்த்தினார். முப்பது வருடமாகக் காகிதக்கட்டு ஏற்றிய வேனை ஓட்டும் கை அது.

"அந்தப் பக்கம் ஏறுங்க. நான் ஓட்டறேன். இந்தத் தடவ நிஜமா ஓட்டறேன்."

அவர்கள் திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. நானும் டாக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வண்டி வந்து நின்றதும் பார்ட் நம்பர் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. பேய் அறைந்ததுபோல் நின்றார்.

"என்னாச்சு? வலிப்பா?" என்று ஓடினேன்.

"இல்ல. பாட்டே இல்லீங்க. மூணாவது கியர்ல தகர டப்பாவுல கல்லப் போட்டுக் குலுக்கற சத்தம். முழங்காலு டேஷ்போர்டுல இடிக்குது. காலுக்கடியில அடுப்பு எரியுது. வளைவுல நழுவறதா? தூக்கி எறியுது! அக்கா ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டறாங்க. நான் சொன்னது அத்தனையும் தப்பு டாக்டர்."

தோல்வியை இவ்வளவு பச்சையாக ஒருவர் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. டாக்டரே எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தவர் போலத் தொடங்கி, "பாத்தீங்களா, கண்ணாடி மண்டபத்துக்குத்தான்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அச்சகக்கார அம்மா ஸ்டியரிங்கை விட்டுக் கையை உதறினார். உள்ளங்கை சிவந்திருந்தது. "ஆசை தீர ஓட்டினா அழுக்காயிடும்னுதான் தம்பி மூடிவெச்சான்னு நெனச்சேன்" என்றார் மெல்ல. "மூணு வாரத்துக்கு மேல அவனால ஓட்ட முடியல போலிருக்கு. வெளிய சொல்ல வெக்கப்பட்டிருக்கான்."

இன்ஜின் இன்னும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, நீங்க சொல்லுங்க. குடுத்துடவா?" என்று பார்ட் நம்பரைக் கேட்டார்.

பார்ட் நம்பர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். இறங்கிய கதவையே மறுபடி திறந்து, முழங்கால்களை மடக்கி உள்ளே திணித்து, உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அடுத்த சுற்றில் காற்று வரட்டும் என்று கண்ணாடியை இறக்கத் தொடங்கினார்.