ஆறரைக்குக் கட்டம் இல்லை

போர்க்குற்றங்களை ஆவணப்படுத்த சென்னையிலிருந்து இரண்டு வக்கீல்கள் வந்தார்கள். பத்து மணி என்றவர்கள் வேப்பூரில் சாப்பாட்டுக்கு இறங்கிவிட்டு ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார்கள். அதுவரை எங்கள் பீங்கான் பட்டறை வாசலில் சாட்சி சொல்ல வேண்டிய அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

பட்டறையில், மின்சாரப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கேரியர்களைத் துடைப்பது அவர் வேலை. இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருக்கிறார். போரில் வந்து விழுந்த பீரங்கி செல்லின் துண்டு இடது கைக்குள் இன்னும் இருக்கிறது. அதே செல்லில்தான் அவர் மகள் செத்துப்போனாள். முன்பு இதேபோல் சாட்சி கேட்க வந்த ஒரு கூட்டம் பளபளப்பான புத்தகம் போட்டு அனுப்பியது. அதில் அக்காவின் கைப் படம் முழுப்பக்கத்துக்கு இருந்தது. மகளைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்த முறை சூப்பர்வைசரான என்னையும் பக்கத்தில் இருக்கச் சொன்னார்.

மூத்த வக்கீல் படிவத்தை எடுத்தார். செல் எந்தத் திசையிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, சுட்டவரைப் பார்த்தீர்களா என்று கேட்டார். பதுங்குகுழியில் குப்புறக் கிடந்தவர் எழுந்துபோய் பீரங்கிக்காரனிடம் விலாசம் வாங்கி வந்திருக்க வேண்டும் போல. அடுத்து மகளின் இறப்புச் சான்றிதழைக் கேட்டார். கொன்றவர்கள்தான் அதைக் கொடுக்க வேண்டும் என்றேன். சான்றிதழ் இல்லையென்றால் கடைசிப் பக்கத்தில், 'இதர விவரங்கள்' பகுதியில் எழுதிக்கொள்ளலாம் என்றார். கைதான் பலமான சாட்சியாம். தழும்புக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்க வேண்டுமாம். கேமரா இரண்டு கொண்டுவந்திருந்தார்கள். அளவுகோலை மறந்துவிட்டார்கள்.

அக்கா, சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையின் கையை இறக்கிவிட்டார்.

"முதல்ல பிள்ளையின்ர பேரை எழுதுங்கோ. பிறகு கையைக் காட்டுறன்."

கடைசிப் பக்கத்தில் எழுதுவதாகத்தானே சொன்னேன் என்றார் வக்கீல். எனக்குப் பொறுக்கவில்லை.

"செத்தது கை இல்ல சார், புள்ள. மொதப் பக்கத்துல எழுதுங்க."

 வக்கீல் புதுப் படிவம் எடுத்து, பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் மகளின் பெயரை எழுதினார். வயது ஆறு என்று போட்டார்.

"ஆறரை" என்றார் அக்கா.

வயதுக்கு இரண்டு கட்டம்தான். அரைக்கு இடமில்லை. வக்கீல் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், அரை என்று எழுதினார். அக்கா படித்துக் காட்டச் சொன்னார். படித்தார்.

அதன் பிறகுதான் அக்கா சட்டைக் கையை மடித்துவிட்டார். களிமண் ஒட்டியிருந்த என் ஸ்டீல் ஸ்கேலைத் தழும்புக்குப் பக்கத்தில் நான் பிடித்துக்கொண்டேன்.