மதினியும் நானும் பிடித்த கோட்டை

நான் சிறுமியாக இருந்தபோது தென்காசியில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. வாசலில் பச்சைத் திரை தொங்கும். உள்ளே பையன்கள் மட்டும்தான். அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட நான் திரைக்கு வெளியே நின்று குரல் கொடுப்பேன். உள்ளே துப்பாக்கிச் சத்தமும் கூச்சலுமாகக் கிடக்கும். யாரும் ஒருநாள்கூடத் திரையை விலக்கி, நீயும் வா என்று சொன்னதில்லை. நாற்பதை நெருங்குகிற வயதில், மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, எனக்கே எனக்கென்று ஒரு கேம் வாங்க ஆசைப்பட்டதற்கு வேறு பெரிய காரணம் கிடையாது.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செல்போன் கடைக் கண்ணாடிப் பெட்டியில், கையில் வைத்து ஆடும் கேம் ஒன்றைப் பார்த்தேன். துபாயிலிருந்து வந்த யாரோ விற்றுவிட்டுப் போனதாம். உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து விரித்தால் அடங்கிவிடும். நடுவில் தொடுதிரை, இரு பக்கமும் பட்டன்கள்.

"பையனுக்கா அக்கா? பரீச்சை முடிஞ்சிட்டோ?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தான் அண்ணாச்சி."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

ஒரு படத்தை விரலால் பிடித்துத் திரையின் ஓரம் முழுக்க இழுத்துக்கொண்டு போனேன். மேல் மூலைக்கு வந்ததும் படம் கையைவிட்டு நழுவியது. மறுபடி இழுத்தேன், அதே இடத்தில் நழுவியது.

"டச் சரியில்லையே அண்ணாச்சி."

"டச்சு நல்லாத்தான் இருக்கு. மேல ஒட்டுன கண்ணாடியில காத்து ஏறிட்டு." நகத்தால் நெம்பி அந்தப் பழைய கண்ணாடியை உரித்தார். பிறகு படம் என் விரலோடு நாலு மூலைக்கும் வழுக்கிக்கொண்டு வந்தது. கூடவே நகத்தளவு கேம் கார்டு ஒன்றும் வாங்கிக்கொண்டேன். புடவைக் கடையில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாகப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை.

கேமில் ஒரு நரிக்குட்டி. வெள்ளம் ஏறிக்கொண்டிருக்கும் கோட்டைக்குள் நுழைந்து உச்சியில் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். நரியை ஓட்டவும் குதிக்க வைக்கவும் பட்டன். மதகுகளைத் திறக்கவும், ஆடும் பலகைகளைத் தாங்கிப் பிடிக்கவும் திரையை விரலால் தொட வேண்டும். மதியச் சாப்பாட்டு வேளையில், மருந்து அலமாரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் தாண்டினேன். கடைசிக் கட்டத்தில் சிக்கிக்கொண்டேன். பட்டனிலிருந்து ஒரு விரலை எடுத்தால் நரி நின்றுவிடும், எடுக்காவிட்டால் மதகு திறக்காது. வாரக்கணக்கில் நரி தண்ணீரில் விழுந்துகொண்டே இருந்தது. "அதுக்கு நீச்சல் சொல்லிக் குடு" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

அப்போதுதான் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. அண்ணன் மனைவி போலீஸ். மெயின் அருவியில் டியூட்டி என்பதால் அங்கேயே லாட்ஜுகளுக்கு நடுவில் ஒரு வீடு எடுத்திருந்தார்கள். மதினி ஒரு சத்தம் போட்டால் கூட்டம் தானாக ஒதுங்கும். நானும் அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன். கல்யாண வீடுகளில் "சாப்பிட்டியா" என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச்சு வளர்ந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம் அதிகமாகி, குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அண்ணன் செங்கோட்டைப் பக்கம் புரோட்டா வாங்கப் போனான். நான் உள்ளறைக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். தொப்பலாக நனைந்து வந்த மதினி, யூனிஃபார்மைக் கொடியில் போட்டு நைட்டி மாற்றிக்கொண்டு திடீரென்று அறைக்குள் வந்தாள். சட்டென்று கேமைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். அங்கே நரி தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தது.

"என்னட்டி ஒளிக்க?"

"ஒண்ணுமில்ல மதினி. கேமு."

"எடு, பாப்போம்."

அவள் பார்க்க ஆடினேன். விழுந்தேன். மறுபடி விழுந்தேன்.

"தண்ணி ஏறுன பொறவு மதகத் தொறந்து என்ன செய்ய? முன்னாலயே தொறக்காண்டாமா?"

"ரெண்டு கையும் பட்டன்ல இருக்கே மதினி."

"அப்பம் நான் எதுக்கு இருக்கேன்? நீ ஓடு. நான் தொறக்கேன்."

தோளோடு தோளாக உட்கார்ந்தாள். முதல் மதகில் அவள் விரல் வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. காலையிலிருந்து மழையில் நின்று விரல் ஊறி வெளுத்திருந்தது. நைட்டியில் அழுத்தித் துடைத்தாள், வாயால் ஊதினாள், சூடேறும்வரை உள்ளங்கையில் தேய்த்தாள். மறுபடி வைத்தாள். மதகு திறந்தது.

"போ! நிக்காத! போ!"

ஓடினேன். அவள் விரல் எனக்கு முன்னால் போய்ப் பலகைகளைத் தாங்கியது. "பொறு… பொறு… இப்பம் குதி!" அருவிக்கரையில் ஆயிரம் பேரை நிறுத்தும் அதே குரல், என் காதருகில். இரண்டு முறை விழுந்தோம். ஒரு முறை என் தப்பு, ஒரு முறை அவள் தப்பு. அவள் தப்புக்கு அவளே தலையில் அடித்துக்கொண்டதும் எனக்குப் பயம் விட்டுப்போனது. "மதினி, எடது பக்கம்! சீக்கிரம்!" என்று நானும் கத்தத் தொடங்கினேன்.

மூன்றாம் முறை கடைசிப் பலகை சரியச் சரிய அவள் தூக்கிப் பிடித்தாள். நரி அதிலிருந்து எம்பி மணிக்கயிற்றைப் பற்றியது. கோட்டை முழுக்க மணிச் சத்தம். வெள்ளம் வடிந்து, திரையில் சூரியன் வந்தது.

நான் கட்டில்மேல் ஏறி நின்று குதித்தேன். மதினிக்கு அது போதவில்லை. கொடியில் தொங்கிய சட்டைப் பையிலிருந்து விசிலை உருவி, கன்னம் உப்ப ஊதினாள்.

எதிர் லாட்ஜில் கதவுகள் படபடவென்று திறந்தன. தோளில் துண்டும் தலையில் எண்ணெயுமாக ஒரு கூட்டம் வாசலுக்கு ஓடிவந்தது.

"மேடம், குளிக்க விட்டாச்சா?"

மதினி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"இல்ல, இல்ல. இங்கன ஒரு கோட்டையப் புடிச்சிருக்கோம். அதுக்கு ஊதுனேன். நீங்க போய் ரெஸ்ட் எடுங்க!"

அவர்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மதினிக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. முகத்தைத் துடைத்தபடி வந்தவள், கேமை என் மடியிலிருந்து எடுத்துத் தன் கைகளில் சரியாகப் பொருத்திக்கொண்டாள்.

"முதல்ல இருந்து போடு. இப்பம் பட்டன் எனக்கு. நீ வெரல வையி."