குளிர்பெட்டியைக் கட்டிக்கொண்ட அத்தை

உடையார்பாளையத்தில் என் மாமனார் இறந்தபோது, துபாயிலிருந்து கொழுந்தனார் வந்து சேரும்வரை உடலைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தோம். மழைத் தண்ணீர் புகுந்து பந்தலுக்குள் தரையெல்லாம் ஈரம். என் மாமியார் வெறுங்காலோடு போய்ப் பெட்டியைக் கட்டிக்கொண்டார். உடம்பு குலுங்கியது, ஆனால் அழுகைச் சத்தமே வரவில்லை.

"அழட்டும், விடுங்க. அப்பத்தான் பாரம் கொறையும்" என்றார் உறவுக்காரப் பெண் ஒருவர்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "அத்தை!" என்று தோளைத் தொட்டேன். சுரீரென்று என் கையைத் தூக்கியடித்தது.

"கரண்டு பாயுது! மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன்.

என் கணவர் ஓடிப்போய் மெயினை அணைத்ததும் அத்தை அப்படியே சரிந்தார். நல்லவேளை, மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், "அவரு பக்கத்துல யாரு இருக்கா?" என்றுதான் கேட்டார். பெட்டியின் காலுக்கடியில் வயர் நசுங்கி, உள்கம்பி வெளியே தெரிந்ததாம்.

இப்போது எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் முதலில் வயரைத்தான் பார்க்கிறேன். பெட்டிக்கடியில் காய்ந்த பலகை போடச் சொல்கிறேன். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் யாரையும் தொட விடுவதில்லை. "எழவு வூட்டுல இவளுக்கு என்ன ஆராய்ச்சி?" என்று காதுபடவே பேசுகிறார்கள். பேசட்டும். அதையெல்லாம் பார்த்து முடித்த பிறகுதான் எனக்கு அழுகையே வருகிறது.